மிச்சத்தின் வாயில் எலும்பு இல்லை

நனைந்த சாக்குக்குள் இருக்கும் நாயின் மணம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த மணம் நம் பெரட்டுக்களம் முழுக்க இருந்தது. மற்ற நாட்களில் விடியற்காலையில் பேர் கொடுத்து, வேலை பிரித்துக்கொண்டு மலைக்குப் போகும் அதே களத்தில், மிருக வைத்தியர் அலுவலகத்து வேன் நின்றது. நாய்களுக்கு வெறி பிடிக்காமல் இருக்கப் போடும் விசர்த் தடுப்பூசி. முன்பெல்லாம் அந்த வேன் வேலை நாளில்தான் வரும். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கூடையை இறக்கிவிட்டு நாய் பிடிக்க வருவார்களா? ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று கேட்டு மூன்று தடவை சிங்களத்தில் கடிதம் எழுதினேன். இந்த வருஷம் வந்தார்கள்.

தூறல் விடவில்லை. ஆட்கள் நாய்களைச் சாக்கில் சுற்றிப் பிள்ளையைப் போல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு நாய்க்கும் ஊசிக் கார்ட் எழுதுகிற வேலை என்னுடையது. ராகலை டவுனில், போன் பேசவும் பிரதி எடுக்கவும் ஆட்கள் வரும் ஒரு கொமினிகேஷன் கடையில் நாள் முழுக்க மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிறேன் அல்லவா, அதனால் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

"பேரு?" என்று கேட்டேன்.

"செல்லத்தொர."

"ஒங்க பேரு எனக்குத் தெரியும்ண்ணே. நாய் பேரு என்னா?"

"அதுக்கும் அதேதான் எழுது. வீட்ல கோவம் வந்தா ரெண்டு பேரையும் அவ ஒரே பேர்லதான் கூப்புடுறா."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் உன் அம்மாவின் குரல் கேட்டது. அவர் நாய் எதுவும் கொண்டுவரவில்லை. வேடிக்கை பார்க்க வந்து ஓரத்தில் நின்றிருந்தார். வரிசையில் நின்ற ஒருத்தி தன் நாயின் வாயைப் பிளந்து பக்கத்து வீட்டுக்காரிக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கைய எடுடி மூதேவி! நாய் வாயில என்னா வெளையாட்டு? என் மகளும் இப்பிடித்தான் கைய விட்டு செத்தா. எவளாவது சொன்னாளா விடச்சொல்லி? ஒருத்தியும் சொல்லல. தானா போயி விட்டா. புத்தி கெட்டவ."

நான் அடுத்த கார்டை எடுத்து எழுதிக்கொண்டே இருந்தேன். நாலு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா உன்னைத் திட்டாமல் உன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஒருத்தியும் சொல்லவில்லை என்பது உண்மை இல்லை. நான் சொன்னேன். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ போய்விட்டாய். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே வகுப்பு. ஓ.எல் பரீட்சை முடிந்ததும் நீ கொழுந்துக் கூடை எடுத்தாய். நான் நுவரெலியாவுக்குப் படிக்கப் போனேன். அதனால் நமக்குள் எதுவும் மாறவில்லை என்று நாம் இருவரும் சொல்லிக்கொள்வோம். ஆனால் ஒன்று மாறியது. நான் சொல்வதை நீ நம்ப ஆரம்பித்தாய். சின்ன வயதில் நான் எது சொன்னாலும் "போடி பொய்க்காரி" என்பவள் நீ.

அந்த நாய்க்குட்டிகளை நினைத்துப் பார்க்கிறேன். ஏ.எல் பரீட்சை முடிந்து நான் வீட்டில் இருந்த மாதம். லயத்துக் கடைசிக் காம்பரா வீட்டின் விறகு அடுக்குக்குக் கீழே ஐந்து குட்டிகள். இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் அவற்றில் ஒன்று பால் குடிக்கவில்லை. மத்தியானம் நுரை நுரையாக வாந்தி எடுத்தது. சாயங்காலம் ரத்தமாகப் போனது. அந்த நாற்றம் வேறு எந்த நாற்றத்தோடும் சேராது. துருப்பிடித்த தகரத்தையும் கெட்டுப்போன இறைச்சியையும் சேர்த்து வைத்ததுபோல் இருக்கும். கருவாட்டு முள் தின்றிருக்கும் என்றார்கள். கண் பட்டிருக்கும் என்றார்கள். மறுநாள் நீ வேலைக்குப் போகவில்லை. குட்டியைப் பழந்துணியில் சுற்றி, உன் கொழுந்துக் கூடைக்குள் வைத்து, மேலே துவாயைப் போட்டு மூடினாய். இருவரும் ராகலை பஸ்ஸில் ஏறினோம்.

"என்னா, கொழுந்த பஸ்ல ஏத்துறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஆமாண்ணே. ரொம்பப் பிஞ்சு. ரெண்டு மாசம்தான் ஆச்சு," என்றாய். அழுது வீங்கிய முகத்தோடு.

ராகலையில் நாம் பார்த்த மிருக டாக்டர் அம்மா சிங்களத்தவர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நம்மைத் தங்கச்சி என்கிற அர்த்தத்தில் நங்கி என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, இது பர்வோ. வைரஸ். இத சாகடிக்கிற மருந்து என்கிட்ட இல்ல. எங்கயும் இல்ல. ஒடம்புல தண்ணி வத்தாம நாங்க பாத்துக்கணும். சண்ட போடுறது குட்டி வேல." கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்துக் காட்டினார். நல்ல குட்டிக்கு உடனே படிந்துவிடும். தண்ணீர் வற்றிய குட்டிக்குக் கூடாரம் போல் நிற்கும். ஈறை அழுத்தினால் வெளுத்து, மறுபடி சிவக்க வேண்டும். வெளுத்தபடியே இருந்தால் மோசம். தோலுக்கு அடியில் சேலைன் ஏற்றினார். வாந்தி நிற்கும்வரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, நின்றபின் ஒரு தேக்கரண்டி, பிறகு இன்னொரு தேக்கரண்டி. குளிர விடக் கூடாது. மற்றக் குட்டிகளைப் பிரித்து வைக்க வேண்டும். அந்தக் கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கும், தரையை பிளீச் போட்டுக் கழுவ வேண்டும். நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். நீ எதையும் எழுதவில்லை. குட்டியின் கழுத்துத் தோலை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிரித்து வைக்க நேரம் இருக்கவில்லை. நாம் திரும்பி வந்தபோது மற்ற நான்கும் சுருண்டு கிடந்தன. அதற்குப் பிறகு பகலில் நான், சாயங்காலத்தில் நீ. மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேரே விறகடிக்கு வருவாய். "கொப்பிய எடு. நீ வாசிச்சுச் சொல்லு, நான் செய்றேன்," என்பாய். அப்படித்தான் நடந்தது. நான் வாசித்தேன், உன் கைகள் செய்தன. ஆறு நாளில் நான்கு போய்விட்டன. ஒன்று மட்டும் ஏழாம் நாள் தலையைத் தூக்கி, உன் விரலில் இருந்த சோற்றுக் கஞ்சியை நக்கியது.

"என்னாடி பேரு வைக்கலாம்?" என்று கேட்டேன்.

"அஞ்சுல நாலு போச்சு. மிச்சம் இதுதான். மிச்சம்னே கூப்புடுவோம்."

லயத்தில் உனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது அப்போதுதான். பீலியில் தண்ணீர் பிடிக்க நீ போனால், "வழி விடுங்க, நாய் டாக்டரம்மா வாராங்க" என்பார்கள். கங்காணித் தாத்தா தன் கழுத்துத் தோலைத் தானே இழுத்துக்கொண்டு, "டாக்டரு, பாரும்மா, கூடாரமா நிக்குது, எனக்கும் கொஞ்சம் சேலைன் ஏத்து" என்றார். நீ திருப்பிக் கொடுத்தாய்: "ஒங்களுக்கு ஏத்துனா சேலைனுக்குத்தான் கேடு தாத்தா." எனக்கும் உள்ளூரப் பெருமை. கொப்பி என்னுடையது அல்லவா.

குணமான மிச்சத்துக்கு விசர் ஊசியும் போட வேண்டும் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். அதுவும் கொப்பியில் இருந்தது. தோட்டத்துக்கு வேன் வந்த செவ்வாய்க்கிழமை நீ மலையில் இருந்தாய், நான் நுவரெலியாவில் கம்ப்யூட்டர் வகுப்பில் இருந்தேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்வோம் என்றாய். நானும் அதையே சொன்னேன்.

மிச்சத்துக்கு ஒரு வயது ஆகியிருந்தபோது ஒரு நாள் காது கிழிந்து வந்தது. எங்கே, எதோடு சண்டை போட்டது என்று தெரியாது. நீ கழுவி மஞ்சள் வைத்தாய். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. நாம் அதை மறந்துவிட்டோம்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, முனியாண்டி கோயில் திருவிழா முடிந்த வாரம். வீட்டுக்கு வீடு கோழி அறுத்திருந்தார்கள். திருவிழா முடிந்த வாரத்தில் லயத்து நாய்களில் ஒன்றிரண்டுக்குத் தொண்டையில் எலும்பு சிக்குவதும், யாராவது ஒருவர் குச்சியைக் குறுக்கே வைத்து வாயைப் பிளந்து விரலால் நெம்பி எடுப்பதும் நம்மிடம் வழக்கம்தான். நீயே அதற்கு முன்பு இரண்டு நாய்களுக்கு எடுத்திருக்கிறாய். அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். நீ மலையிலிருந்து வந்து கூப்பிட்டபோது மிச்சம் வரவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் நின்றது. கீழ்த்தாடை தொங்கியபடி, வாய் மூடாமல், எச்சில் கயிறு போல் இறங்கிக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே கிடந்தது. குரைக்கப் பார்த்தது, தொண்டை கட்டியவர் இருமுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"வெறி புடிச்சிருக்குமோ?" என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. நாலு பேர் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

நீ நகரவில்லை. என்னைப் பார்த்தாய்.

நான் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு நினைவிருக்கிறது. "வெறின்னா கடிக்க வரும்க்கா. தண்ணியக் கண்டா ஓடும். இது பாருங்க, தண்ணிச் சட்டியில வாய வச்சுக்கிட்டே நிக்குது. குடிக்கத்தான் முடியல. எலும்புதான்."

எங்கே படித்தேன் அதை? எங்கும் ஒழுங்காகப் படிக்கவில்லை. பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வரி, கதைகளில் வருகிற வெறிநாய், யாரோ சொன்னது. விசர் பிடித்த மனிதர்தான் தண்ணீருக்கு அஞ்சுவார், நாய் அஞ்சாது. தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் நிற்கும். அது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எனக்கே தெரியாமல் இருந்ததுதான் கொடுமை.

நான் சாக்கைப் போட்டு மிச்சத்தைச் சுற்றி, மடியில் அணைத்துப் பிடித்தேன். மற்றக் கையில் போன் வெளிச்சம். நீ கையை உள்ளே விட்டாய். கொழுந்து மிகுந்த காலம். உன் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இரண்டு பக்கமும் வெடிப்பு; வெடிப்புக்குள் தேயிலைக் கறை கறுப்பாக ஓடியிருக்கும். சாயங்காலங்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ரொட்டியை மிளகாய்ச் சம்பலில் தொட்டால் எரிகிறது என்பாய். அந்த விரல்கள். மிச்சம் கடிக்கவில்லை. தாடையை மூட அதனால் முடியவே இல்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆம்புடலியேடி."

"இன்னும் உள்ள பாரு," என்றேன்.

நீ மறுபடியும் கையை விட்டாய், மணிக்கட்டு வரைக்கும்.

கையைப் படங்கில் துடைத்துவிட்டு, சட்டியில் இருந்த தண்ணீரில் அலம்பினாய். சவுக்காரம் போடவில்லை. நானும் போடவில்லை. ஞாயிறன்று மிச்சத்தின் பின்னங்கால்கள் விழுந்தன. செவ்வாய்க்கிழமை நுவரெலியாவில் இருந்த எனக்கு நீ போன் செய்தாய். "போயிருச்சுடி. எலும்பு உள்ள எறங்கிருச்சு போல. சவுக்கு மரத்தடியில பொதச்சிட்டேன்." நீ அழுதாய். நான் ஆறுதல் சொன்னேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நூலகத்தில் வேறு ஏதோ தேடும்போது கால்நடை நோய்கள் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கையில் பட்டது. புரட்டினேன். ஒரு படம். தாடை தொங்கிய நாய். விசரில் இரண்டு வகை உண்டு என்று கீழே எழுதியிருந்தது. ஒன்று பாய்ந்து கடிப்பது. மற்றது சத்தமில்லாமல் ஒடுங்கி, தாடை விழுந்து, விழுங்க முடியாமல் சாவது. எலும்பு சிக்கியதாக நினைத்து வாயில் கைவிடுவதே பலர் செய்யும் பிழை என்றும் எழுதியிருந்தது. கடி வேண்டியதில்லை, வெடித்த தோலில் எச்சில் பட்டால் போதும். உடனே சவுக்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். ஊசி போட வேண்டும். தாமதமானாலும், அறிகுறி தோன்றுவதற்கு முன்பு போட வேண்டும். தோன்றிய பிறகு எதுவும் இல்லை. மூன்று தடவை வாசித்தேன். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வார முடிவில் வந்து உன்னைப் பீலியில் பார்த்தேன். நீ துணி அலசிக்கொண்டிருந்தாய். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்திருந்தேன். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தேன். வாயில் வந்தது வேறு.

"சும்மா ஒரு யோசன. ரெண்டு பேரும் போயி ஒரு ஊசி போட்டுக்கிட்டா என்னா?"

"எதுக்கு?"

"மிச்சத்தோட எச்சி பட்டுச்சுல்ல."

"கடிக்கவே இல்லியேடி! எங்க கடிச்சுச்சுன்னு கேட்டா எதக் காட்டுறது? கொழுந்து கீறுன கையக் காட்டவா? சிரிப்பாங்க." பிறகு துணியை முறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாய்: "எலும்புன்னு நீதானே சொன்ன?"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற நம்பிக்கை மட்டும்தான். நான் சொன்னது பிழை, எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன், புத்தகத்தில் பார்த்தேன், வா உடனே போவோம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பிழை என்று சொன்னால் அந்தப் பார்வை மாறிவிடும். உன் கண்ணில் நான் படித்தவளாக இருப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"ஆமா, எலும்புதான். சும்மா கேட்டேன்," என்றேன்.

முதல் தடவை சொன்னது அறியாமை என்று என்னால் என்னை மன்னிக்க முடியும். இரண்டாவது தடவை சொன்னதற்கு எந்தப் பெயரும் வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வாரம். ஏழு வாரமும் நேரம் இருந்தது. நானும் ஊசி போடவில்லை. போட்டால் உனக்குச் சொல்ல வேண்டிவரும். உனக்கு ஒன்றும் இல்லை என்றால் எனக்கும் ஒன்றும் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை என்றால் நான் சொன்னதும் பிழை இல்லை என்று ஏதோ ஒரு கணக்கில் நாட்களைத் தள்ளினேன்.

முதலில் உன் வலது கை மரத்துப்போனது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி, கொழுந்தப் புடிச்சா புடிச்ச மாதிரியே இல்ல," என்று போனில் சொன்னாய். கூடைக் கயிறு இழுத்ததுதான் என்று உன் அம்மா எண்ணெய் தேய்த்தார். பிறகு காய்ச்சல். நான் வெள்ளிக்கிழமையே கிளம்பி வந்தேன். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாய். உன் தொண்டை அப்படியே இழுத்துக்கொண்டது. கோப்பை விழுந்தது. "குடிக்க ஆசையா இருக்கும்மா, முடியல," என்றாய். கோப்பை உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் உன்னைத் தனி அறையில் வைத்தார்கள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தாலே நடுங்கினாய். இளம் டாக்டர் ஒருவர் கேட்டார், "நாய் ஏதாவது கடிச்சதா? ஞாபகப்படுத்திப் பாருங்க."

"இல்லங்க ஐயா, கடிக்கவே இல்ல," என்றார் உன் அம்மா.

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்கு முன்னால் நீ பேசிவிட்டாய்.

"கடிக்கலங்க. வாயில கைய விட்டேன். எலும்பு சிக்கியிருக்குன்னு எனக்கே தோணுச்சு. யாரும் சொல்லல." மூச்சு வாங்கிக்கொண்டு என்னைக் காட்டினாய். "இவளும் புடிச்சிருந்தா. இவளுக்கு இன்னைக்கே ஊசி போடுங்க."

நீ என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைத்தான் பார்த்தாய். அவர் என்னை உடனே வேறு அறைக்கு அனுப்பினார். நான் உயிரோடு இருப்பது அப்படித்தான்.

நீ நாலு நாள் இருந்தாய். கடைசி இரண்டு நாட்கள் கதவருகில் இருந்துதான் பார்க்க முடிந்தது. இடையில் ஒரு தடவை தெளிந்து உன் அம்மாவிடம் பேசினாய். என்ன என்று அவர் எனக்குச் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. உன் பெட்டி லயத்துக்கு வந்த நாள், எனக்கு அடுத்த ஊசி போட வேண்டிய நாள். நான் போகாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாதான் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "போயி போட்டுட்டு வா. ஒன்னயும் தூக்கிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல." உன்னை அடக்கத்துக்கு எடுக்கும்போது நான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். அந்த வாரமே உன் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஒவ்வொரு சாயங்காலமும் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து என்னை உட்காரவைத்துக்கொண்டார். "அவதான் போயிட்டா. நீயாச்சும் கண்ணு முன்னால இரு," என்பார். அதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது என்று ஒரு வருஷம் போனது. பிறகு உன்னைத் திட்டுவதுதான் அவர் துக்கப்படும் முறை, அதைப் பிடுங்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறைய வாசிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட நியாயங்கள் சுலபமாகக் கிடைத்துவிடும். என் பிழையை உன் தலையில் இருக்க விட்டேன், அவ்வளவுதான் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் போன பிறகு, மிச்சமிருந்த கார்டுகளைக் கட்டி வைத்துவிட்டு உங்கள் காம்பராவுக்குப் போனேன். உன் அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார்.

"வா, ஒக்காரு. தேங்கா துருவித் தாரியா?"

"பெரியம்மா, எலும்புன்னு சொன்னது நான்."

"என்னா சொல்ற?"

"மிச்சத்துக்கு. அவளுக்குத் தோணல. நான்தான் எலும்புன்னு சொன்னேன். அவ ஒண்ணும் ஆம்புடலன்னு சொன்னா. இன்னும் உள்ள பாருன்னு சொன்னதும் நான்தான். ஆஸ்பத்திரியில என்னயக் காப்பாத்தப் பொய் சொன்னா."

அவர் கை மாவுக்குள் நின்றுபோனது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மீதியைச் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நூலகத்தையும் படத்தையும் சொன்னேன். பீலியில் நீ கேட்டதையும், அதற்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் படத்த நீ பாத்தப்ப, அவளுக்கு ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பாளா?"

"பொழச்சிருக்கலாம் பெரியம்மா. நேரம் இருந்துச்சு."

அவர் மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தார். அதில் தண்ணீர் போதவில்லை, உதிர்ந்துகொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றாமலே பிசைந்தார். "வீட்டுக்குப் போ," என்றார்.

பத்து நாள் ஆகிறது. உன் அம்மா என்னோடு பேசவில்லை. சாயங்காலச் சாயத்தண்ணி இல்லை. நான் பீலியில் நின்றால் நான் போகும்வரை தூரத்தில் காத்திருப்பார். என்ன சண்டை என்று என் அம்மா கேட்டார், அவரிடமும் சொன்னேன். அவர் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

உன்னிடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது என்று இந்த நாட்களில் யோசித்தேன். உயிர் கிடைத்தது, அதை விடு. கடையில் படிவம் எழுத வருகிறவர்கள் என்னிடம் எல்லாவற்றையும் கேட்பார்கள். இந்த மருந்து எதற்கு, இந்தக் கட்டி என்ன, இந்த நாய் ஏன் இப்படி நிற்கிறது. "எனக்குத் தெரியாது, இப்பவே போயிக் காட்டுங்க," என்று சொல்கிறேன். அந்த முதல் இரண்டு சொற்கள் வாயில் சுலபமாக வர எனக்கு நாலு வருஷம் பிடித்தது. நாய் என்றால் கடித்ததா என்று நான் கேட்பதில்லை. எச்சில் பட்டதா என்று கேட்கிறேன். கையை நீட்டச் சொல்லி, விரல்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். போன மாதம் ஒரு கொழுந்து எடுக்கிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பஸ் ஏற்றும்வரை விடவில்லை. அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

நேற்றுக் காலையில் பீலியில் கூட்டம். உன் அம்மா எனக்கு முன்னால் நின்றார். நான் வந்தும் விலகிப் போகவில்லை. போன மாதம் கல்யாணம் முடித்து நம் லயத்துக்கு வந்த பெண் ஒருத்தி, விவரம் தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"ஒங்க மக நாய் வாயில தானா கைய விட்டுருச்சாமே பெரியம்மா?"

எல்லோரும் வழக்கமான திட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"தானா விடல," என்றார் உன் அம்மா. "ஒருத்தி எலும்புன்னு சொன்னா. என் புள்ள நம்புனா. நாயக் காப்பாத்தத்தான் கைய விட்டா. என் புள்ள மேல ஒரு தப்பும் கெடையாது."

நாலு வருஷத்தில் அவர் உன்னை 'என் புள்ள' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். ஒருத்தி என்றார். உன்னைப் போலவே அவரும் என் பெயரைச் சொல்லவில்லை.

"யாரு அந்த ஒருத்தி?" என்றாள் புதுப்பெண்.

உன் அம்மா நிறைந்த வாளியைக் குனிந்து எடுத்து விலகினார்.

"நான்தான்," என்றேன்.

குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தேன். எல்லோரும் என்னையே பார்க்க, தண்ணீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. பாதிகூட நிறைந்திருக்கவில்லை. நிறையும்வரை நான் அங்கேயே நின்றேன்.